போயிட்டு வரச் சொன்ன கம்பெனி

பரமக்குடியில் பி.காம். முடித்தவர்கள் ஏராளம். அதில் வழிவிட்டான், சாத்தையா, கூரிச்சாமி ஆகிய மூன்று பேரும் எப்படி முடித்தார்கள் என்பதுதான் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. பரீட்சை அறையில் பேசக் கூடாது என்றார்கள், பேசவில்லை. எழுது என்றார்கள், எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்பது திருத்தியவருக்குத்தான் வெளிச்சம். அவரும் அந்த வருஷமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூவரும் கெட்டவர்கள் இல்லை. சோம்பேறிகளும் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். வம்பெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒருமுறை மளிகைக் கடைக்காரர், “கடையைக் கொஞ்சம் பாத்துக்கடா” என்று கூரிச்சாமியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கூரிச்சாமி தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆடுகள் உள்ளே போய்த் துவரம்பருப்பு மூட்டையைக் காலி செய்ததையும் ஒன்று விடாமல் பார்த்தான். கடைக்காரர் வந்து கேட்டபோது எந்த ஆடு முதலில் போனது என்பது வரை சரியாகச் சொன்னான்.

வழிவிட்டானுக்கு வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம் அவனுடைய தாய்மாமன் தர்மலிங்கம். சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். பிள்ளை இல்லாத மனுஷன். தனக்குப் பிறகு தொழிலை மருமகன் பார்க்க வேண்டும் என்று ஆசை.

“வைகாசி முடியிற வரைக்கும் வேலை தேடு. கிடைக்கலேன்னா பெட்டியோட வண்டியில ஏறு. படிச்ச பய, கூலிங் எவ்வளவு வைக்கணும்னு உனக்குச் சொல்லித் தரவா வேணும்” என்று சொல்லியிருந்தார்.

வழிவிட்டானுக்குப் பிணம் என்றால் உடம்பெல்லாம் நடுங்கும். மாமா வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால்கூட, எந்தப் பெட்டியில் வைத்திருந்தது என்று கேட்காமல் வாங்க மாட்டான்.

வைகாசி பாதி கழிந்த நிலையில் அந்தச் செய்தி வந்தது. நிழற்குடை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பரமக்குடிக் கிளையில் பட்டதாரிகளை நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். மூவரும் தங்களுக்குப் பாடம் எடுத்த இன்னாசிமுத்து சாரைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். அவர் பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் பஸ் சீக்கிரம் கிளம்பாதா என்று டிரைவர் பக்கம் திரும்பினார். ஆனாலும் வாத்தியார் மனசு கேட்கவில்லை.

“நல்லாக் கேட்டுக்குங்கடா. மொதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுங்க. கம்பெனியைப் பத்தி அடியில இருந்து நுனி வரைக்கும் தெரிஞ்சு வச்சுக்கணும். இன்சூரன்ஸ் தொழில்ல எதையும் மறைக்கக் கூடாது, அதை மனசுல வச்சுக்குங்க. கதவைத் தட்டிக் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். கண்ணைப் பாத்துப் பேசணும். உன் பலவீனம் என்னன்னு கேப்பான். பலவீனத்தையும் பலமாச் சொல்லணும், அங்கதான்டா சாமர்த்தியம் இருக்கு.”

பஸ் நகர்ந்தது. மூவரும் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு அறைக்குத் திரும்பினார்கள்.

அறை, சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்தது. சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பேசிப் பழகும்போது கை காலை வீச இடைஞ்சலாக இருக்கும் என்று சாத்தையா அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்தான். பிறகு மற்ற இருவரும் கூரிச்சாமி மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். இந்த அறையில் கண்ணாடி உள்ளவன் அவன் ஒருத்தன்தான்.

முதலில் வழிவிட்டான் அவன் முன்னால் நின்று, “வணக்கம், என் பெயர் வழிவிட்டான்” என்றான். நன்றாக வந்தது. அடுத்து சாத்தையா நின்றான். அதுவும் நன்றாகவே வந்தது. கூரிச்சாமியின் முறை வந்ததும்தான் சிக்கல்.

“கண்ணாடிக்கு முன்னாடி நீங்க நிக்கிறீங்க. பின்னாடி நான் இருக்கேன். நான் எப்படா முன்னாடி வர்றது?” என்று கேட்டான் கூரிச்சாமி.

“சட்டுனு குதிச்சு வந்து பாரு” என்றான் சாத்தையா.

கூரிச்சாமி குதித்தான். கண்ணாடியும் கூடவே குதித்தது. வேகம் போதவில்லை என்று இன்னும் இரண்டு முறை குதித்தான். கீழே சைக்கிள் கடைக்காரர் கூரையைப் பார்த்து ஏதோ திட்டினார்.

“அப்ப கண்ணாடி போட்டவன் எவனுக்குமே வேலை கிடைக்காதா?” என்று கேட்டான் கூரிச்சாமி. அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

“எங்க சித்தப்பாவுக்குக் கிடைக்கல. அவரும் சோடாபுட்டிதான்” என்றான் சாத்தையா.

வழிவிட்டான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான். மூவரில் அவன்தான் யோசிக்கிறவன் என்று மற்ற இரண்டு பேருக்கும் ஒரு எண்ணம். “கழட்டி ஸ்டூல் மேல வை. அப்புறம் நீ அதுக்கு முன்னாடி போய் நில்லு” என்றான். இந்த யோசனை மற்றவர்களைப் பிரமிக்க வைத்தது.

கழற்றி வைத்தார்கள். ஆனால் கண்ணாடி இல்லாமல் கூரிச்சாமிக்குக் கண்ணாடி தெரியவில்லை. மங்கலாக உருண்டையாக ஏதோ தெரிந்த பக்கம் திரும்பி நின்று தன் படிப்பு, ஊர், குடும்பம் எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னான். அது தண்ணீர்க் குடம். சாத்தையா அவன் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டு, தானும் கொஞ்சம் களைத்துப்போனதால் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“என்னமோ சத்தம் கேட்டுச்சே, என்னது?” என்றான் கூரிச்சாமி.

சாத்தையா எழுந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான். “கண்ணாடி பதில் சொல்லிருச்சு. பேசுனது போதும்.”

அதோடு பேச்சுப் பயிற்சி முடிந்தது. கூரிச்சாமி அன்றிலிருந்து வழிவிட்டானின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

மறுநாள் காலையில் கம்பெனியைப் பற்றி அடியிலிருந்து நுனி வரைக்கும் தெரிந்துகொள்ளப் போனார்கள். நிழற்குடைக் கிளை மூன்று மாடிக் கட்டடம். அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வாசலோரம் சாக்கடை மூடியைத் தூக்கி வழிவிட்டான் உள்ளே எட்டிப் பார்த்தான். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று சாத்தையா தவழ்ந்துகொண்டே பின்தொடர்ந்தான். பிறகு பின்பக்கத்து இரும்பு ஏணி வழியாக மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நுனி என்பது மொட்டை மாடியா, அதற்கு மேல் உள்ள தண்ணீர்த் தொட்டியா என்று ஒரு விவாதம் வந்தது. தொட்டிதான் என்று முடிவாகி அதன் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கும்போதுதான் செக்யூரிட்டி பார்த்தார்.

“யாருப்பா நீங்க, அங்க என்ன பண்றீங்க?”

“இன்டர்வியூக்குப் படிக்கிறோம்ணே” என்றான் வழிவிட்டான்.

செக்யூரிட்டி வேலைக்கு வந்து பல வருஷமானவர். இப்போது பிள்ளைகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிப்பது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டு, “சத்தம் போடாமப் படிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நேர்காணல் அன்று காலையில் பெரிய பிரச்சினை ஒன்று எழுந்தது. குளித்து முடித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் சாத்தையா அப்படியே நின்றுவிட்டான்.

“எதையும் மறைக்கக் கூடாதுன்னு சார் சொன்னாருல்ல?”

“ஆமா.”

“உள்ள பனியன் போட்டிருக்கோம். அதைச் சட்டை மறைக்குதே.”

மூவரும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். பனியனைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டால் என்ன என்றான் கூரிச்சாமி. போட்டுப் பார்த்தார்கள். இப்போது பனியன் சட்டையை மறைத்தது. இரண்டையும் போடாமல் போனால் ஒன்றும் மறையாது என்றான் சாத்தையா. விவாதம் இடுப்புக்குக் கீழேயும் இறங்கும்போல இருந்ததால் வழிவிட்டான் அவசரமாகக் குறுக்கிட்டான்.

“சட்டையைப் போட்டுக்குவோம். பனியனைக் கையில எடுத்துட்டுப் போவோம். கேட்டாக் காட்டலாம்.”

அப்படியே ஆனது. பாக்கெட்டுக்குள் இருப்பதையும் மறைக்கக் கூடாது என்று சாத்தையா தன் பேன்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டான். அவை இரண்டு பக்கமும் வெள்ளாட்டுக் காது மாதிரி தொங்கின. ஆளுக்கொரு பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு மூவரும் கடைத்தெரு வழியாக நடந்தபோது, சாவு வீட்டுக்குக் கோடித்துணி கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, யார் வீட்டில் துக்கம் என்று இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள்.

நிழற்குடை அலுவலகத்தின் முன்வாசலில் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். ஆள் பக்கத்தில் போனாலே தானாக விலகித் திறந்துகொள்ளும். வழிவிட்டான் தட்டுவதற்காகக் கையை ஓங்கிக்கொண்டு போனான். கதவு திறந்துகொண்டது. பின்வாங்கினான். மூடிக்கொண்டது. மறுபடி போனான். திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

“தட்டாம உள்ள போயிரலாமா?” என்றான் கூரிச்சாமி.

“தட்டாம எப்படிடா போறது? சார் சொன்னது அதுதானே” என்றான் வழிவிட்டான். அவன் கண்ணுக்குள் மாமாவின் குளிர்பெட்டி வந்து நின்றது.

கடைசியில் ஒரு திட்டம் போட்டார்கள். வழிவிட்டான் ஒரு பக்கக் கதவையும், சாத்தையா மறுபக்கக் கதவையும் பிடித்து இழுத்து மூட வேண்டியது. கூரிச்சாமி தட்ட வேண்டியது. இருவரும் முக்கிக்கொண்டு பிடித்தார்கள். கதவு உறுமியது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கிளை மேலாளர் சந்தானகிருஷ்ணன் டீ குடிக்க வெளியே வந்தார். உள்ளேயிருந்து அவரும் வரவே கதவுக்கு வேகம் கூடி, இரண்டு பேரையும் உதறிவிட்டுத் திறந்துகொண்டது. கூரிச்சாமிக்கு முன்னால் இருந்தது கதவா ஆளா என்று தெரியவில்லை. தட்டினான். மேலாளரின் நெற்றியில் டொக் டொக்கென்று விழுந்தது.

“உள்ள வரலாமா சார்?” என்றான் மரியாதையாக.

மேலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “வாங்க” என்றார்.

டீ குடிக்காமலே அவர் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தார். நேர்காணல் அறையில் அவருக்குப் பக்கத்தில் மனிதவளப் பிரிவு மதிவதனி மேடம் இருந்தார். நல்ல பொறுமைசாலி. காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேரைப் பார்த்து முடித்திருந்தார். ஒரே கல்லூரி என்பதால் மூவரையும் சேர்த்தே கூப்பிட்டார். பனியன்களைப் பார்த்தார். பாக்கெட்டுகளைப் பார்த்தார். கையில் இருந்த தாளில் பெயரைப் படித்தார்.

“வழிவிட்டான் யாரு?”

“யாரும் விடல மேடம். கதவு தானாத்தான் திறந்துச்சு” என்றான் சாத்தையா.

“நான்தான் மேடம்” என்று வழிவிட்டான் எழுந்து நின்றான்.

“உக்காருங்க. எங்க கம்பெனியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

வழிவிட்டான் முகம் மலர்ந்தது. படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்துவிட்டது. “அடியில இருந்து சொல்றேன் மேடம். வாசச் சாக்கடை பின்பக்கம் போற இடத்துல அடைச்சுக்கிட்டிருக்கு. குழாய் அங்கன லேசா விரிசல். நுனியில தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல. உள்ள ஒரு காக்கா செத்துக் கெடக்கு. ரொம்ப நாளான காக்கா.”

மேலாளர் வாய்வரை கொண்டுபோன தண்ணீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு டம்ளரைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தார்.

மதிவதனி மேடம் அடுத்த கேள்விக்குப் போனார். “சரி. உங்க பலவீனம்னா எதைச் சொல்வீங்க?”

வழிவிட்டான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். இன்னாசிமுத்து சாரை மனசுக்குள் நினைத்துக்கொண்டான். பலமாகச் சொன்னான்.

“பொணம்னாப் பயம்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வரிசையில், போன மாதம் இறந்துபோன அண்ணனுடைய காப்பீட்டுத் தொகைக்காக வந்திருந்த ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். செக்யூரிட்டி விசிற ஓடினார். அதற்குள் தன் முறைதான் என்று நினைத்து சாத்தையா, “கணக்கு வராது!” என்று அதைவிடப் பலமாகச் சொன்னான். “கண்ணு தெரியாது!” என்று கூரிச்சாமியும் கூவினான். சாயங்காலம் வரை எதிர் ஜவுளிக்கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது கூரிச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, மேசை மேல் கையூன்றிக் குனிந்து, தன் மூக்கு மேலாளர் மூக்கில் இடிக்கும் தூரத்துக்குப் போனான்.

“ஏம்ப்பா, என்னப்பா?” என்று மேலாளர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

“இருங்க சார், ஒரு கண்ணுதான் தெரியுது. இன்னொண்ணைத் தேடிக்கிட்டிருக்கேன்” என்றான் கூரிச்சாமி.

வழிவிட்டான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மேலாளர் இதை முடித்துவிடுவது நல்லது என்று நினைத்தார். கடைசியாக ஒன்று கேட்போம் என்று, “இந்தா பாரு தம்பி, என்னை ஒரு கஸ்டமர்னு நெனச்சுக்க. நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னு வச்சுக்குவோம். என் குடும்பத்துக்கு நீ என்ன பண்ணுவ?” என்று வழிவிட்டானிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு இன்னாசிமுத்து சார் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் வழிவிட்டானுக்குப் பதில் தெரியும். சின்ன வயசிலிருந்தே மாமா வீட்டில் கேட்டு வளர்ந்தது. அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, மேலாளரைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை கண்ணால் அளந்தான்.

“சார் நல்ல நீளம். சாதாப் பெட்டியில காலை மடக்கணும். மாமாகிட்டப் பெருசு ஒண்ணு இருக்கு, ஜெனரேட்டரோட வரும். வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க வர்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, கூலிங் கூட்டி வைக்கணும். நாளைக்குன்னா வண்டி ஃப்ரீதான் சார்.”

மேலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். மதிவதனி மேடம் மூவரையும் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“ரொம்ப சந்தோஷம். சரி, போயிட்டு வாங்க.”

மூவரும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். வாசல் கேட்டைத் தொட்டார்கள். திரும்பி வந்தார்கள்.

“என்ன?” என்றார் மதிவதனி மேடம்.

“போயிட்டு வந்துட்டோம் மேடம்” என்றான் வழிவிட்டான்.

“அட, சரிப்பா. போயிட்டு வாங்க.”

போனார்கள். வந்தார்கள். மதிவதனி மேடத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. போங்க என்று மொட்டையாகச் சொல்ல அவருக்கு வாய் வராது. அதுவும் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆளைப் பார்த்துப் போ என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? அதனால் அவர் ஒவ்வொரு தடவையும் போயிட்டு வாங்க என்றே சொன்னார். இவர்களும் ஒவ்வொரு தடவையும் போய்விட்டு வந்தார்கள். அலுவலகம் மூடும்போது, “நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லித் தப்பித்தார்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாரே. மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே மூவரும் வாசலில் இருந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். வணக்கம் சொன்னார்கள். அவர் பழக்கதோஷத்தில் போயிட்டு வாங்க என்றார். அன்றைக்கும் போக்கும் வரத்தும்தான். நாள் ஆக ஆக மதிவதனி மேடம் வாயைத் திறக்காமலே கையை மட்டும் ஆட்டத் தொடங்கினார். அவர்கள் அதையும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

வைகாசி முடிந்தது. மாமா வண்டியோடு அறை வாசலில் வந்து நின்றார்.

“என்னடா மருமகனே, வேலை என்ன ஆச்சு?”

“இன்னும் முடியல மாமா. தெனமும் போயிட்டு வரச் சொல்லியிருக்காங்க” என்றான் வழிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை.

“தெனமும் போயிட்டு வந்தா அதுக்குப் பேருதானேடா வேலை” என்று மாமா தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் மருமகன் உத்தியோகஸ்தன் ஆகிவிட்டான் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று ராத்திரி வழிவிட்டான் பல மாதம் கழித்து நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் மண்டல மேலாளர் ஆய்வுக்கு வந்து இறங்கினார். கண்டிப்பான ஆள். கூடத்தில் ஏஜெண்டுகள் எல்லாரும் ஏ.சி.க்கு நேராக நாற்காலி போட்டுச் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கடுகடுத்தது. அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்து மூன்று இளைஞர்கள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்கள். மதிவதனி மேடத்துக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் கையை ஆட்டினார். உடனே திரும்பி வெளியே போனார்கள். மண்டல மேலாளர் ஒரு ஃபைலைப் புரட்டி முடிப்பதற்குள் மறுபடி வந்தார்கள்.

“யாரும்மா இவங்க?” என்று கேட்டார் மண்டல மேலாளர்.

மதிவதனி மேடம் ஆட்டிய கையைச் சட்டென்று கீழே இறக்கினார். “போயிட்டு வர்றவங்க சார்” என்றார்.

மண்டல மேலாளர் வழிவிட்டானைக் கூப்பிட்டார். “எங்கப்பா போயிட்டு வர்றீங்க?”

“வெளிய சார்.”

“தெனமும் போவீங்களா?”

“சொல்லச் சொல்லப் போயிட்டே இருப்போம் சார்.”

“வெயிலா இருக்கே, கஷ்டமா இல்லையா?”

“உக்காரச் சொன்னா உக்காருவோம் சார். யாரும் சொல்லல.”

மண்டல மேலாளர் அந்தப் பதிலில் உருகிப்போனார். நாற்காலிகளில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “பாருங்கய்யா. இன்சூரன்ஸ்காரன்னா இப்படி இருக்கணும். வெளிய போகணும், வரணும், போகணும், வரணும். இந்தக் கிளையிலயே வேலை செய்யறது இந்த மூணு பேருதான்.” பிறகு சந்தானகிருஷ்ணனிடம், “இவங்களுக்கு இன்னும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கலையா? இன்னைக்கே கொடுங்க” என்றார்.

சந்தானகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மண்டல மேலாளர் டம்ளரில் தண்ணீர் எடுப்பதைப் பார்த்துவிட்டு அதைத் தடுக்க ஓடியதில், சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

அப்படியாக மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது. கூரிச்சாமி புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டான். முதல் நாள் காலையில் மதிவதனி மேடம் மூவரையும் தன் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். முதலில் வழிவிட்டான், அவனுக்குப் பின்னால் சாத்தையா, அவனுக்குப் பின்னால் கூரிச்சாமி. ஊழியர்களுக்கு என்று கம்பெனியே ஒரு காப்பீடு போட்டுக் கொடுக்கும். ஊழியர் காலமாகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிவு செய்ய வேண்டும். வந்த முதல் நாளே பையனிடம் சாவைப் பற்றிப் பேச வேண்டாமே என்று மேடம் நாசூக்காகக் கேட்டார்.

“உங்களுக்கு அப்புறம் யாரு?”

வழிவிட்டான் திரும்பிப் பார்த்தான். “எனக்கு அப்புறம் சாத்தையா மேடம்.”

பெற்றவர்களை விட்டுவிட்டு நண்பன் பெயரைச் சொல்கிறானே, என்ன பாசம் என்று நினைத்தபடி அவர் எழுதினார். “உங்களுக்கு?” என்று சாத்தையாவைக் கேட்டார்.

“எனக்கு அப்புறம் கூரிச்சாமி.”

கூரிச்சாமி திரும்பினான். பின்னால் வெறும் சுவர். புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தான். “எனக்கு அப்புறம் யாருமே இல்ல மேடம்” என்றான் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

வழிவிட்டானால் அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் இருந்த தன் இடத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூரிச்சாமிக்குப் பின்னால் நின்றான். “இப்பச் சொல்லுடா.”

“எனக்கு அப்புறம் வழிவிட்டான் மேடம்” என்றான் கூரிச்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் எழுதினார்.

ஆனால் இப்போது வழிவிட்டான் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. “மேடம், எனக்குச் சாத்தையான்னு எழுதுனதை அடிச்சிருங்க. எனக்கு அப்புறம் இப்ப யாரும் இல்ல.” இதைக் கேட்டதும் சாத்தையா முன்னாலிருந்து ஓடிவந்து அவன் பின்னால் நின்றான். சாத்தையாவுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் போகவே, கூரிச்சாமி ஓடிவந்தான். இப்படியே அடித்து எழுதி, எழுதி அடித்து, மேசை முன்னால் தொடங்கிய வரிசை நகர்ந்து நகர்ந்து கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டது. மதிவதனி மேடம் நாசூக்கை விட்டுவிட்டு, “நீங்க செத்தாப் பணம் யாருக்குன்னுதாம்ப்பா கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

அந்த நேரம் பார்த்து, பிரீமியம் கட்ட வந்த ஒரு மனிதர் வரிசையைக் கண்டதும், இதுதான் பணம் கட்டுகிற இடம் போலிருக்கிறது என்று கூரிச்சாமிக்குப் பின்னால் வந்து நின்றார். மூவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

“எழுதிக்குங்க மேடம். எனக்கு அப்புறம் இவரு” என்றான் கூரிச்சாமி. பிறகு அவர் பக்கம் திரும்பி அன்போடு சொன்னான். “அண்ணே, நாங்க மூணு பேரும் செத்ததும் பணம் உங்களுக்குத்தான். இந்த இடத்தை விட்டு நகராம நில்லுங்க.”

அந்த மனிதர் ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டியவர். “அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?” என்று கேட்டார்.

கூரிச்சாமி முன்னால் நின்ற சாத்தையாவின் தோளைத் தட்டி விசாரித்தான். சாத்தையா தனக்கு முன்னால் நின்ற வழிவிட்டானின் தோளைத் தட்டினான்.

“மாப்ள, அண்ணனுக்கு அவசரமாம். மொத ஆளு நீதான். நீ எப்ப?”

வழிவிட்டான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“மத்தியானச் சாப்பாடு முடியட்டும்னு சொல்லு” என்றான்.